இன்னும் ஒள்ளுப்பம்: இரவல் பகுதிக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மாநகர, நகர, பிரதேச சபைகளின் தலைவர்களுக்கும், அந்தச் சபைகளின் கீழ் இயங்கும் பொது நூலகங்களின் நூலகர்களுக்கும், வாசகர் வட்டத்தினருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

வாகரை தொடக்கம் பொத்துவில் வரைக்கும் நூலகங்களில் பொதுவாகக் காணும் இரவல் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓர் அட்டைக்கு இரண்டு புத்தகம், 14 நாள், பிந்தினால் தண்டம். தனியாக இருந்து மனதுக்குள் வாசிக்கிறவருக்கு அது தாராளம். தாய், தகப்பன், அம்மம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஒரு வீடே பாயில் கூடி இருந்து, ஏழு பாகமுள்ள ஒரு மாயக்கதை வரிசையை இரவுக்கு இரவு உரத்து வாசிக்கும்போது, அந்த விதி முதல் பாகத்தின் நடுவிலேயே முறிந்துபோகிறது. எங்கே முறிகிறது, ஏன் முறிகிறது, எதை மாற்றினால் போதும் என்று சொல்லத்தான் இந்த மடல். பெரிய பணம் கேட்டு எழுதவில்லை. கேட்பவற்றில் பாதிக்கு மேல் ஒரு ரப்பர் முத்திரையாலும் ஒரு பேனையாலும் முடிகிற காரியம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். எல்லாருக்கும் விளங்கும்படி நிதானமாக வாசித்தால், சாதாரண நாவல் அளவில் அச்சடித்த தமிழ்ப் பக்கம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் போகும். ஆறு வயதுப் பிள்ளையும் இருக்கிற இடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் இழுக்க ஏலாது. அதற்கு மேல் போனால் ஒன்று நித்திரையாகிவிடும், மற்றது தண்ணி கேட்கும். ஆக, ஓர் இரவுக்குப் பத்துப் பக்கம். கிழமையில் ஏழு இரவும் வாய்க்காது. வெள்ளி ஒரு வீட்டில் போகும், ஞாயிறு இன்னொரு வீட்டில் போகும், ரியூஷன் பிந்தும், விருந்தாள் வரும். ஐந்து இரவு கிடைத்தால் அது நல்ல கிழமை. 300 பக்கமுள்ள பாகம் ஒன்றுக்கு 30 இரவு, அதாவது ஆறு கிழமை, 42 நாள். விதி தருவது 14. பத்து இரவு வாசித்து 100ஆம் பக்கத்தில், பையன் குகைக்குள் கால் வைக்கிற நேரம் பார்த்துத் திகதிச் சீட்டு கூப்பிடும்.

ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்கிற வீடுகளுக்கு இன்னும் கூடும். பக்கத்துக்கு மூன்று நிமிடம் வையுங்கள். ஹரி பொட்டர் வரிசை 1997இல் தொடங்கி 2007இல் ஏழாம் பாகத்தோடு முடிந்தது. முதல் பாகத்தில் 17 அத்தியாயம், ஐந்தாம் பாகத்தில் 38. அந்த ஐந்தாம் பாகத்தின் பிரித்தானியப் பதிப்பு 766 பக்கம். மேலே சொன்ன வேகத்தில் அது ஒன்றுக்கே 115 இரவு, 23 கிழமை. பதினான்கு பதினான்கு நாளாக எடுத்தால் 12 தவணை. நார்னியா என்ற ஆங்கில மாயக்கதை வரிசையும் ஏழு பாகம்தான், 1950 தொடக்கம் 1956 வரை வந்தது. ஆனால் எல்லாம் மெல்லிய புத்தகம். எந்தப் பாகத்தை எடுத்தாலும் 15க்கும் 17க்கும் இடையில்தான் அத்தியாயங்கள், ஏழிலும் சேர்த்து 110. ஓர் அத்தியாயம் கிட்டத்தட்ட ஓர் இரவுக்குப் பொருந்தும். புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு இப்படியான வரிசையைத்தான் கையில் கொடுக்க வேண்டும். கனத்த பாகத்தில் கைவைத்த வீடு மூன்றாம் கிழமையில் ஓய்ந்துவிடும்.

“ஒரு புத்தகத்தை 42 நாள் ஒரு வீட்டில் விட்டால் மற்ற வாசகருக்கு எப்போது கிடைக்கும்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐந்து பேர் கேட்கிற வீட்டில் 42 நாள் என்றால் ஆளுக்கு எட்டரை நாள்கூட வராது. உங்கள் மாதாந்த அறிக்கையில் அது இரவல் ஒன்று என்றுதான் விழும், அதுதான் குறை. இரவல் பதிவில் ‘கேட்போர்’ என்று ஒரு நிரலைக் கோடு போட்டு, புத்தகம் எடுப்பவரிடம் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். சபைக்கு வாசகர் கணக்குக் காட்ட வேண்டிய நாளில் அந்த நிரல் உங்களுக்கே உதவும்.

வாசிப்பு ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதையும் விளங்கப்படுத்த வேண்டும். விளங்கினால்தான் நாள் கூட்டித் தருவீர்கள்.

தமிழில் யார் பேசினார் என்பது பெரும்பாலும் பேச்சு முடிந்த பிறகுதான் தெரிய வரும். “கதவைத் திறக்காதே! அது உள்ளேதான் இருக்கிறது” என்று கிழவி மெல்லச் சொன்னாள் என்று ஒரு வரி வந்தால், வாசிக்கிறவர் அதைப் பையனின் குரலில் கத்தி முடித்த பிறகுதான் பேசியது கிழவி என்றும், அவள் மெல்லத்தான் பேசினாள் என்றும் காண்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள், பயம் போய்விடும். இதற்கு ஒரே வழி, அன்றைக்கு வாசிக்கப்போகும் பத்துப் பக்கத்தைப் பகலில் ஒருக்கால் கண்ணால் ஓட்டிப் பார்ப்பது. பத்து நிமிட வேலை. ஒரு துண்டுக் கடுதாசியில் ‘பக். 43 மேலே: கிழவி, மெல்ல’ என்று குறித்து அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நூலகப் புத்தகத்தில் பென்சிலும் படக்கூடாது, ஒட்டும் கடுதாசியும் கூடாது. அந்தப் பசை கொஞ்சக் காலத்தில் பழுப்புக் கறை விடும்.

இரண்டாவது சிக்கல் எங்களிடம் இரண்டு தமிழ் இருப்பது. வர்ணனையை அச்சில் உள்ளபடி வாசித்தால் காதுக்கு இதம்தான். ஆனால் பத்து வயதுப் பையன் தன் கூட்டாளியிடம் “நீ என்னுடன் வருகிறாயா?” என்று கேட்டால் பாயில் இருக்கிற பத்து வயதுப் பையனுக்கு அது மேடை நாடகமாகப் படும். உரையாடலை மட்டும் வாயில் வரும்போதே ஊர்ப் பேச்சாக மாற்றினால் கதை வீட்டுக்குள் வந்துவிடும். எல்லாரையும் மாற்றவும் கூடாது. அரசனும் மந்திரவாதியும் பறவைநாகமும் புத்தகத் தமிழிலேயே பேசட்டும், பிள்ளைகளும் வேலைக்காரரும் எங்கள் தமிழில் பேசட்டும். கூத்தில் ராசா எப்படிப் பேசுவார், கட்டியகாரன் எப்படிப் பேசுவான் என்று பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்தப் பிரிப்பைச் சொல்லித்தரத் தேவையில்லை. அதே கூத்திலிருந்து இன்னொன்றையும் எடுக்கலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு உண்டல்லவா? அதுபோல ஒவ்வொருவரும் முதலில் வாய் திறக்கும் இடத்திலேயே குரலை முடிவு செய்துவிட வேண்டும். ஐந்து குரலுக்கு மேல் வைத்தால் நாலாம் நாள் வாசிப்பவருக்கே எது யாருடையது என்று மறந்துபோகும். தொண்டையை இறுக்கிப் பேசும் குரலைப் பெரிய பாத்திரத்துக்குக் கொடுத்தால் இரண்டாம் பாகத்தில் சங்கடப்படுவீர்கள். வேகம், தாழ்த்தல், ஒரு சின்ன இழுப்பு, இவ்வளவும் போதும்.

இனி, ஆங்கிலத்திலிருந்து வாயால் தமிழாக்கும் வீடுகளில் நடப்பது. முகமூடி போட்ட ஆள் ஆணா பெண்ணா என்பதை ஆங்கில ஆசிரியர் நூறு பக்கம் மறைத்து வைத்திருப்பார். தமிழில் ‘வந்தான்’ என்று ஒரு சொல்லில் போட்டு உடைத்துவிடுவோம். ‘உருவம் வந்தது’ என்றோ ‘வந்தவர் சொன்னார்’ என்றோ நழுவத் தெரிய வேண்டும். உறவுமுறை இதைவிட மோசம். ஆங்கிலத்தில் ‘ஆன்ட்’ என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். எங்களுக்கு மாமியா, பெரியம்மாவா, சின்னம்மாவா என்று தெரியாமல் வாய் திறக்க முடியாது. ஹரியை வளர்ப்பவள் அவன் தாயோடு கூடப் பிறந்தவள். ‘மாமி’ என்று சொல்லிவிட்டால் அவள் மகன் ஹரிக்கு மச்சானாகிவிடுவான். தாய்வழிக் குடி பார்க்கிற எங்கள் ஊர்களில் இதை அம்மம்மா ஒருத்தி உடனே பிடிப்பா: “அக்கா தங்கச்சி பெத்த பிள்ளையள் எப்படிக் கா மச்சானாகும்?” அவ கேட்பது சரி, அவர்கள் சகோதரங்கள். ஆகவே வரிசையைத் தொடங்குமுன் வாசிப்பவர் ஒருவர் அடுத்த பாகங்களையும் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு அந்தப் பாகங்கள் நூலகத்தில் இருக்க வேண்டும்.

பெயர்களும் இப்படித்தான். எங்கள் எழுத்தில் ‘ப’ என்று இருந்தால் உதட்டை ஊதிச் சொல்வதா, அதிர்த்திச் சொல்வதா என்று தெரியாது. க, ச, ட, த எல்லாம் இதே கதை. முருகன், பாத்திமா என்றால் பழக்கம் வழிகாட்டும். ஆசிரியர் கற்பனையில் பிறந்த நாட்டுக்கும் குதிரைக்கும் எந்தப் பழக்கம் வழிகாட்டும்? முதல் இரவே ஒரு சின்ன அட்டையில் பெயர்களை எழுதி, எப்படிச் சொல்வது என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, மாறாமல் இருந்தால் போதும். ஹரி பொட்டர் வரிசையில் ஹேர்மயனியின் பெயரைச் சொல்லும் முறையை நாலாம் பாகத்தில்தான் ஆசிரியர் ஒரு உரையாடலுக்குள் வைத்துக் காட்டுகிறார். அதுவரைக்கும் ஆங்கிலம் பேசும் வீடுகளிலேயே ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதே பெயர்ச் சிக்கல் உங்கள் பட்டியலிலும் இருக்கிறது. இந்தியப் பதிப்புகளில் ‘பாட்டர்’ என்று இருக்கும். நாங்கள் எழுதுவது ‘பொட்டர்’. ஒரு பதிவாளர் அட்டையில் உள்ளபடி ஏற்றுவார், மற்றவர் தன் கைப்பழக்கத்தில் ஏற்றுவார். கணினியில் தேடுகிற பிள்ளைக்கு நாலு பாகம் ஓரிடத்திலும் மூன்று பாகம் வேறோரிடத்திலும் வரும், அல்லது ஒன்றுமே வராது. ‘இல்லை’ என்று திரும்பிப் போன பிள்ளைக்கு அந்தப் புத்தகம் பின்பக்க றாக்கையில் இருந்தது தெரியாது. இரண்டு எழுத்துமுறையையும் பதிவில் ஏற்றினால் முடிந்தது.

றாக்கை என்றதும் சொல்ல நிறைய இருக்கிறது. நூல்களுக்குப் பொருள்வாரியாக இலக்கமிடும் தூயி பகுப்பில் ஆங்கிலப் புனைகதை 823, தமிழ்ப் புனைகதை 894.8113. மொழிபெயர்ப்பை மூல மொழியின் இலக்கியத்தோடு வைப்பதுதான் அந்தப் பகுப்பின் முறை. நடைமுறையில் தமிழில் இருப்பதால் தமிழ் நாவலோடு போய்விடுவதும் உண்டு. எது சரி என்று வாதாட நாங்கள் வரவில்லை. ஒரே வரிசையின் முதல் பாகம் ஒரு முறையிலும் மூன்றாம் பாகம் இன்னொரு முறையிலும் பிரிந்து கிடக்கக்கூடாது, அவ்வளவுதான். இதைவிடக் கூடுதலாகக் காண்பது, முதல் மூன்று மெல்லிய பாகங்கள் சிறுவர் பகுதியில் இருக்க, தடித்த நாலாம் பாகம் பெரியவர் பகுதிக்கு ஏறிவிடுவது. தடிப்பைப் பார்த்து வயதைத் தீர்மானித்திருக்கிறார்கள்! சிறுவர் அட்டையோடு வந்த பிள்ளைக்கு அது கிடைக்காது. தகப்பன் வெளிநாட்டில், தாய்க்கு அட்டை இல்லை என்றால் கதை அங்கேயே நின்றுவிடும்.

முதுகில் ஓர் இலக்கம் ஒட்டுவதும் சின்ன வேலைபோலத்தான் தெரியும். எத்தனையாம் பாகம் என்பது முன்னட்டையிலேயே இல்லாத பதிப்புகள் இருக்கின்றன. பிள்ளை மூன்றாம் பாகத்தைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாம் கிழமையில்தான் கண்டுபிடிக்கும். ஆனால் இலக்கம் ஒட்டும்போது ஒரு கவனம் வேண்டும். நார்னியா வரிசையில் 1955இல் ஆறாவதாக வெளிவந்த பாகம், கதைப்படி எல்லாவற்றுக்கும் முந்தியது. பிந்திய பதிப்புகள் அதற்கு ஒன்றாம் இலக்கம் கொடுத்துவிட்டன. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்து வைத்திருக்கும் நூலகத்தில் இரண்டு ஒன்றாம் பாகம் வரலாம், ஒரு பாகம் இல்லாமலே போகலாம். வெளிவந்த ஒழுங்கில் ஒட்டுங்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். முதலில் வெளிவந்த பாகத்தில் உடுப்பு அலுமாரிக்குள்ளால் வேறு உலகத்துக்குப் போகும் அந்த முதல் அதிர்ச்சி, விளக்கத்தை முன்னமே கேட்டுவிட்ட பிள்ளைக்குக் கிடைக்காது.

வாங்கும் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஐந்து வரிசைகளின் முதல் பாகங்களை வாங்குவதைவிட ஒரு வரிசையை முழுதாக வாங்குங்கள். கையில் இன்னும் பணம் இருந்தால் அதே வரிசையின் முதல் பாகத்தில் இன்னுமொரு பிரதி. பத்து வீடு தொடங்கினால் எல்லா வீடும் கடைசிவரை வராது. நெருக்கடி எப்போதும் முதல் பாகத்தில்தான், கடைசிப் பாகம் ஒன்று போதும். நன்கொடையாக வரும் பெட்டிகளில் இரண்டாம், ஐந்தாம் பாகங்கள் மட்டும் இருந்தால் அவற்றையும் தள்ளிவிடாதீர்கள். பக்கத்து சபையின் நூலகத்தில் மற்றவை இருக்கக்கூடும். களுவாஞ்சிக்குடியில் இருப்பதைக் கல்முனையில் இருப்பதோடு சேர்த்தால் ஒரு வரிசை முழுமையாகலாம், தூரம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். சபை எல்லையும் மாவட்ட எல்லையும் நடுவில் நிற்கின்றன. நூலகருக்கு நூலகர் கடிதம் கொடுத்து ஆறு மாதம் கடனாக மாற்றும் ஏற்பாடு ஒன்று வந்தால் வாங்கும் செலவே குறையும்.

புத்தகம் கட்டுவோரிடம் சொல்ல வேண்டியதையும் இதோடு சொல்லிவிடுகிறோம். உரத்து வாசிக்கும் புத்தகம் இரவுக்கு 20 நிமிடம் விரித்தபடி கையில் இருக்கும். பசையால் மட்டும் ஒட்டிய தடித்த புத்தகம் சில கிழமையில் நடுவால் பிளக்கும். அதைத் திருத்தக் கொடுத்தால் பக்கவாட்டில் துளைபோட்டு இறுக்கித் தைத்துக் கொண்டுவருவார்கள். தாள் இனிக் கழராது, சரி. ஆனால் உள் ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். மனதுக்குள் வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். உரத்து வாசிப்பவர் வரிக்கு வரி புத்தகத்தைப் பிளந்து பார்த்துத் தடக்குவார். 500 பக்கத்துக்கு மேற்பட்டதை இரண்டாகப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். ஓரம் வெட்டும்போது வெளிப்பக்கத்தில் ஆகக் குறைவாக வெட்டச் சொல்லுங்கள். இரண்டாகக் கட்டினால் படுத்திருந்து வாசிக்கிற அம்மாவின் கைக்கும் பாரமில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். வாசிப்பு முடிந்து புத்தகத்தை மூடும்போது எங்கள் வீடுகளில் எழும் சத்தம் “மறுகா?” (பிறகு?) என்பதும் “இன்னும் ஒள்ளுப்பம்!” (இன்னும் கொஞ்சம்!) என்பதும்தான். அந்த ஒள்ளுப்பத்தைக் கொடுக்காமல் விடுவதில்தான் அடுத்த இரவு இருக்கிறது. ஆனால் எங்கே நிறுத்துவது என்பதில் பலர் பிழை விடுவார்கள். அத்தியாய முடிவில் ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு கொளுக்கி மாட்டி வைத்திருப்பார். பன்னிரண்டு வயதுக்கு அது நல்லது. ஆறு வயதுக்கு, பாதாளத்துக்குள் கண் இரண்டு மின்னியதோடு விளக்கை அணைத்தால் விடியும்வரை தாய்க்கு நித்திரை இல்லை. கலந்து இருக்கிற இடத்தில் அடுத்த அத்தியாயத்துக்குள் இரண்டு பக்கம் போய், ஆபத்துக் கடந்ததும் நிறுத்த வேண்டும். மறுநாள் தொடங்கும்போது முன்கதையை வாசிப்பவர் சொல்லக்கூடாது. ஆகச் சிறியது சொல்ல வேண்டும், ஒரு நிமிடம். எது விளங்கவில்லை என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும். நீண்ட வரிசைகள் போகப்போக இருண்டுகொண்டும் போகும். ஹரி பொட்டரின் நாலாம் பாகத்திலிருந்து சாவு வாசலுக்குள் வந்துவிடும். ஒரே வருடத்தில் ஏழையும் முடிக்க அவசரப்படத் தேவையில்லை. பிள்ளை வளர இடைவெளி விட்டு வாசிக்கலாம். பாகங்கள் றாக்கையிலேயே இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் வீடும் பொறுத்திருக்கும்.

“மந்திரம், சூனியம் எல்லாம் பிள்ளைக்கு ஏன்?” என்ற கேள்வி கோயிலடியிலும் பள்ளிவாசலடியிலும் தேவாலயத்தடியிலும் எழும். அதை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. பிள்ளை தனியே ஒரு மூலையில் வாசிப்பதைவிட, பெரியவர் வாயால் வாசிக்கும்போது நிறுத்தி விளங்கப்படுத்தவும், வேண்டாமென்றால் வேறு வரிசை எடுக்கவும் இடமிருக்கிறது. அந்தத் தெரிவு வீட்டுக்குரியது. யாரோ முறைப்பாடு சொன்னார் என்று புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது நூலகத்துக்கு அழகல்ல. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் முருங்கை மரத்தில் தொங்குகிறது, ஆயிரத்தொரு இரவுகளில் ஜின் குப்பிக்குள் இருக்கிறது. இரண்டும் உங்கள் நூலகத்தில் இருக்கக்கூடியவைதான்.

தொடர்கதையை நாள்கணக்காகக் கூடியிருந்து கேட்பது இங்கே யாரும் இறக்குமதி செய்த பழக்கமும் அல்ல. பிள்ளையார் பெருங்கதை 21 நாள் போகிறது. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் உற்சவம் பாரதக் கதையை 18 நாளாக நடத்திச் செல்கிறது. வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள். முஸ்லிம் ஊர்களில் மூத்த தலைமுறை சீறாப்புராணத்தை இராகம் வைத்துப் படித்தது. புராணப் படிப்பில் ஒருவர் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். ஆங்கிலப் புத்தகத்தை மூத்த மகள் வாசிக்க, தாய் தமிழில் சொல்லுகிற வீட்டில் நடப்பதும் அச்சொட்டாக அதுதான். நடுவில் யாரும் “14 நாளாச்சு, ஏட்டைத் தா” என்று கேட்டதில்லை!

மாரி காலம் வேறு ஒரு கணக்கு. கார்த்திகை, மார்கழியில் தகரக் கூரையில் மழை அடிக்கும்போது எந்தக் குரலும் எடுபடாது. அந்த இரவுகளில் வாசிக்காமல், அதுவரை கேட்டதைப் பிள்ளைகளைக் கொண்டு சொல்லுவிப்பதே புத்தி. ஆகவே மாரியில் 42 நாளும் போதாமல் போகும். வெள்ளம் வந்த கிழமைகளுக்குத் தண்டம் அறவிடாதீர்கள். இன்னொரு விஷயம், நனைந்த புத்தகத்தைப் பிள்ளை பயத்தில் ஒளித்து வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். உடனே கொண்டுவரச் சொல்லி அறிவித்தல் போடுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் சுருண்டுவிடும். இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் தாளைச் செருகி, பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும், நிழலில் மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்தி, செருகிய தாளை மாற்றி மாற்றி வைத்தால் பெரும்பாலும் தப்பும்.

கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற தகப்பன்மாருக்கு அன்றைய 20 நிமிடத்தைப் பதிவுசெய்து வட்ஸ்அப்பில் அனுப்புகிற வீடுகளும் உண்டு. நல்ல வழி. அவர் அங்கே கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பிள்ளையிடம் கேள்வி கேட்பார். வீட்டுக்குள் இருக்கும்வரை யாருக்கும் பாதகமில்லை. அதையே பொதுவில் ஏற்றுவது பதிப்புரிமைக்கு விரோதம். வாசகர் வட்டத்தினர் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, பரிசளிப்பு எல்லாம் நடக்கட்டும். அதற்குள் ஒரு சனிக்கிழமை பின்னேரம் 45 நிமிடம் எங்களுக்குத் தாருங்கள். ஒலிவாங்கி வேண்டாம், மேடை வேண்டாம், சிறுவர் பகுதியில் பாய் விரித்தால் போதும். ஒரு வரிசையின் முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டி, அதே இடத்தில் அந்தப் பாகத்தை இரவல் கொடுங்கள். வந்த பிள்ளைகளில் ஒன்றாவது இரண்டாம் அத்தியாயத்தை வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கரைச்சல் கொடுக்கும்.

அடுத்த சபைக் கூட்டத்தில் முடிவெடுக்கக் கூடியதாக நாங்கள் கேட்பது இவ்வளவும்தான். சிறுவர் அட்டையிலோ பெரியவர் அட்டையிலோ ‘குடும்ப இரவல்’ என்று ஒரு முத்திரை. அந்த முத்திரைக்கு வரிசைப் புத்தகம் ஒன்று 42 நாள், வேறு யாரும் பதிந்திருக்காவிட்டால் ஒருதரம் புதுப்பிக்கலாம். ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்ததைப் பதிந்துவைக்கலாம். வரிசையின் எல்லாப் பாகமும் ஒரே தட்டில், முதுகில் இலக்கத்தோடு இருக்க வேண்டும். வருடாந்தக் கணக்கெடுப்பில் புத்தகம் குறைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பயம்தான் 14 நாளை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. ஆகவே முத்திரை பெறும் வீட்டிலிருந்து வழக்கமான பிணையோடு இன்னொரு கையொப்பமும் வாங்குங்கள், நாங்கள் மறுக்கமாட்டோம். கணக்கெடுப்புக் கிழமைக்கு முன் எல்லாவற்றையும் கொண்டுவந்து தட்டில் வைத்துவிடுகிறோம்.

பதில் கடிதம் எழுதி முத்திரைச் செலவு செய்ய வேண்டாம். முடிவை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள். புத்தகம் மாற்ற வரும்போது வாசிப்போம், உரத்தே.

இப்படிக்கு,
பிள்ளைகளுக்கு உரத்து வாசிக்கும் சில குடும்பத்தினர்
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள்